பதிவேடும் கணினித் திரையும்

புனே நகரின் ஔந்த் பகுதியில் மாவட்ட அரசு மருத்துவமனை உள்ளது. இந்திய அரசு 2008ஆம் ஆண்டு சுகாதார மேலாண்மைத் தகவல் முறைமையைத் தொடங்கியபின், அரசு மருத்துவ நிலையங்களின் மாத அறிக்கைகள் கணினிவழி அனுப்பப்படுகின்றன.

கணினி பழகாத பணியாளர்க்குப் பயிற்சி அளிப்போர், அவர்கள் நாளும் எழுதும் பதிவேட்டிலிருந்தே தொடங்குதல் நன்று. பதிவேட்டின் ஒவ்வொரு பத்தியும் திரையின் எக்கட்டத்தில் இடம்பெறும் என்பது முதல்நாள் பாடம். பிழை கண்டு திருத்துவது அடுத்தநாள் பாடம்.

பூச்சியமும் வெற்றுக் கட்டமும் ஒன்றல்ல. பூச்சியம் 'நிகழவில்லை' எனக் கூறும். வெற்றுக் கட்டம் 'தெரிவிக்கவில்லை' எனக் கூறும். தடுப்பூசி பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கையை எழுதாமல் விட்டால், எவ்வூரில் எத்தனை குழந்தைகள் அதனைப் பெறவில்லை என்பதை அறிய இயலாது.

வினா: பூச்சியத்திற்கும் வெற்றுக் கட்டத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?