எட்டாவது இடம் யாருக்கு?

மாலை வேளையில் திடலில் கூடும் நாம், ஆட்டம் தொடங்குமுன் இரண்டு தலைவர்களை நிறுத்தி, மாறி மாறி ஆள் அழைத்துக் குழு பிரிப்பது வழக்கம். வல்லவர்கள் முதலில் அழைக்கப்படுவர். இறுதிவரை பெயர் சொல்லி அழைக்கப்படாது நிற்கும் சிறுவனின் மனநிலையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தேர்வு என்பது ஆட்டத்திற்கு முன்னரே நடைபெறும் ஓர் ஆட்டம். அது நேர்மையாக நடந்தால்தான் பின்னர் வரும் வெற்றிக்கும் தோல்விக்கும் பொருள் உண்டு. இதனை விளக்கும் பொருட்டு, அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்துப் போட்டியையும், அதனைப் பின்பற்றித் தாளும் பகடையும் கொண்டு வகுப்பறையில் ஆடத்தக்க மாதிரிப் போட்டியையும் ஈண்டுக் காண்போம்.

போட்டியின் வளர்ச்சி

அமெரிக்கத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் ஆடவர் கூடைப்பந்துப் போட்டி 1939ஆம் ஆண்டில் எட்டே குழுக்களுடன் தொடங்கியது. அவ்வாண்டு இறுதி ஆட்டத்தில் ஓரிகன் பல்கலைக்கழகம் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தை 46-33 எனும் புள்ளிகளில் வென்றது. குழுக்களின் எண்ணிக்கை 1975இல் 32 ஆகவும், 1985இல் 64 ஆகவும், 2011இல் 68 ஆகவும் உயர்ந்தது.

ஒருமுறை தோற்ற குழு வெளியேறிவிட வேண்டும் என்பது இப்போட்டியின் விதி. 64 குழுக்கள் இருப்பின் எத்தனை ஆட்டங்கள் நடைபெறும்? ஒவ்வோர் ஆட்டமும் ஒரு குழுவை வெளியேற்றுகிறது. ஒரு குழு மட்டும் எஞ்ச வேண்டுமாயின் 63 குழுக்கள் வெளியேற வேண்டும். ஆகவே 63 ஆட்டங்கள். நீண்ட கணக்கிற்குத் தேவையே இல்லை.

இரண்டு வாயில்கள்

முந்நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களுள் தகுதியுடையவற்றைப் பொறுக்குவது எங்ஙனம்? உள்ளே செல்ல இரண்டு வாயில்கள் உள்ளன. பல்கலைக்கழகங்கள் பல குழுமங்களாகப் பிரிந்து தமக்குள் போட்டியிடுகின்றன. ஒரு குழுமத்தின் வெற்றியாளர் யாரையும் கேளாமல் உள்ளே வரலாம். இது முதல் வாயில். எஞ்சிய இடங்களைத் தேர்வுக் குழுவினர் கலந்தாய்ந்து நிரப்புவர். இது இரண்டாம் வாயில். 2025ஆம் ஆண்டில் முதல் வாயில் வழியாக 31 குழுக்களும், இரண்டாம் வாயில் வழியாக 37 குழுக்களும் வந்தன. தேர்வாளர் ஒருவரின் சொந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றிய பேச்சு எழுந்தால், அவர் அறையைவிட்டு வெளியேற வேண்டும் என்பது நாம் போற்றத்தக்க விதியாகும்.

இரண்டாம் வாயில் அகலத் திறந்தமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1974ஆம் ஆண்டில் அட்லாண்டிக் கரையோரக் குழுமத்தின் இறுதி ஆட்டத்தில் மேரிலாந்துப் பல்கலைக்கழகமும் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மோதின. ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரம் வரை நீண்டது. முடிவில் மேரிலாந்து 100-103 எனத் தோற்றது. ஒரு குழுமத்திலிருந்து ஒரு குழுவே செல்லலாம் என்பது அந்நாளைய விதி. நாட்டின் தலைசிறந்த குழுக்களுள் ஒன்றாக மதிக்கப்பட்ட மேரிலாந்து, மூன்று புள்ளிகளால் வீடு திரும்பியது. அதனை வென்ற குழுவோ அவ்வாண்டின் தேசிய வெற்றியாளர் ஆயிற்று. மறு ஆண்டே குழுக்களின் எண்ணிக்கை 32 ஆக்கப்பட்டு, ஒரே குழுமத்திலிருந்து இரண்டாவது குழுவும் வர வழி பிறந்தது. அந்த மாற்றம் 1974இன் ஆட்டக்காரர்களுக்குப் பயன்படவில்லை. அவர்களுக்குப் பின் வந்தோருக்கே பயன்பட்டது.

அளவுகோல்

வெற்றிகளை மட்டும் எண்ணித் தகுதியை அளக்கலாமா? எளியோரையே எதிர்த்து ஆடியவன் பல வெற்றிகளைக் குவிப்பது அரிதன்று. ஆதலால் 1981 முதல் 2018 வரை ஒரு கணக்கீட்டு முறை ஆடவர் தேர்வில் துணையாகக் கொள்ளப்பட்டது. தன் வெற்றி விகிதத்திற்குக் கால் பங்கு, எதிராளிகளின் வெற்றி விகிதத்திற்கு அரைப் பங்கு, அவ்வெதிராளிகளின் எதிராளிகளுக்குக் கால் பங்கு என்பது அதன் அடிப்படை.

ஓர் எடுத்துக்காட்டு: 'அ' குழுவின் வெற்றி விகிதம் 0.80, மற்ற இரண்டும் 0.50. அதன் மதிப்பு 0.20 + 0.25 + 0.125 = 0.575. 'ஆ' குழுவின் வெற்றி விகிதம் 0.64 மட்டுமே, ஆனால் எதிராளிகளுடையது 0.60, அவர்தம் எதிராளிகளுடையது 0.56. அதன் மதிப்பு 0.16 + 0.30 + 0.14 = 0.60. குறைவாக வென்ற 'ஆ' முந்தியது ஏன் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். கடினமான வினாத்தாளில் பெற்ற புள்ளியும் எளிய வினாத்தாளில் பெற்ற புள்ளியும் ஒன்றாகா அல்லவா?

வகுப்பறையில் மாதிரிப் போட்டி

இனி, நாமே ஒரு தேர்வுக் குழுவாக அமர்வோம். வெவ்வேறு ஆண்டுகளில் ஆடிய புகழ்பெற்ற குழுக்கள் ஒரே திடலில் சந்தித்தால் யார் வெல்வர் என்பதே நம் ஆட்டம். 1939இல் போலவே நமக்கும் எட்டு இடங்கள்.

முதல் வாயிலுக்கு ஒரு விதி வகுப்போம்: ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் தேசிய வெற்றியாளர் ஆகியிருக்க வேண்டும். 1956 முதல் 1976 வரையிலான காலத்தில் அப்பேறு பெற்றவை ஏழு: சான் பிரான்சிஸ்கோ (1956), வட கரோலினா (1957), லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் (1964, 1967, 1972, 1973), இந்தியானா (1976).

இங்கே ஓர் எதிர்ப்பு எழலாம். "ஒரே பல்கலைக்கழகத்திற்கு நான்கு இடங்களா?" என ஒரு மாணவர் கேட்பார். கேள்வி நியாயமானதே. ஆனால் பெயர்களைப் பார்த்த பின் விதியை மாற்றுவது நியாயமன்று. ஒரு பல்கலைக்கழகத்திற்கு ஒரே இடம் என்பது நம் விருப்பமாயின், அதனைத் தொடக்கத்திலேயே கரும்பலகையில் எழுதியிருக்க வேண்டும்.

எட்டாவது இடத்திற்கு மூவர் காத்து நிற்கின்றனர். 1966ஆம் ஆண்டின் டெக்சஸ் வெஸ்டர்ன் குழு, இறுதி ஆட்டத்தில் முதல் ஐவராகக் கறுப்பின ஆட்டக்காரர்களையே களமிறக்கி, கென்டக்கியை 72-65 என வென்று வரலாறு படைத்தது. 1974ஆம் ஆண்டின் மேரிலாந்து, ஆற்றல் இருந்தும் வாய்ப்புப் பெறாதது. 1985ஆம் ஆண்டின் வில்லனோவா, தன் பிரிவில் எட்டாம் தரத்தில் வைக்கப்பட்டிருந்தும், ஜார்ஜ்டவுனை 66-64 என வென்று வாகை சூடியது. வரலாற்றுச் சிறப்பா, மறுக்கப்பட்ட வாய்ப்பா, விடாமுயற்சியா? எதனை அளவுகோலாகக் கொள்வது என்பதை முதலில் முடிவு செய்து, பின்னரே வாக்களிக்க வேண்டும். விடுபட்ட இரு குழுக்களுக்கும் காரணத்தை எழுதி, வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டும்.

ஆடும் முறை

எட்டுக் குழுக்களுக்கும் 1 முதல் 8 வரை தர எண் கொடுங்கள். 1உடன் 8, 4உடன் 5, 2உடன் 7, 3உடன் 6 மோதட்டும். எந்த இணையைக் கூட்டினாலும் 9 வரும். முதலிரு ஆட்டங்களில் வென்றோர் ஒருபுறமும், ஏனைய இரண்டில் வென்றோர் மறுபுறமும் மோதுவதால், முதல் இரு தரக் குழுக்கள் இறுதிக்கு முன் சந்திக்க இயலாது.

ஓர் ஆட்டத்திற்கு இரண்டு பாதிகள். ஒவ்வொரு பாதியிலும் ஒவ்வொரு குழுவும் இரு பகடைகளை ஒருமுறை உருட்ட வேண்டும். அத்தொகையுடன் 1, 2ஆம் தரத்தினர் மூன்றும், 3, 4ஆம் தரத்தினர் இரண்டும், 5, 6ஆம் தரத்தினர் ஒன்றும் கூட்டிக்கொள்ளலாம். மற்ற இருவருக்கும் கூடுதல் இல்லை. சமனானால் மீண்டும் ஒருமுறை உருட்டுக.

கூடுதல் எண்ணைப் பெரிதாக வைத்தால் எளியோர் வெல்லவே இயலாது, அவ்வாறாயின் ஆடுவதெதற்கு? 1985 முதல், முதல் தரக் குழுக்களை எதிர்த்து ஆடிய பதினாறாம் தரக் குழுக்கள் 135 முறையும் தோற்றன. 2018ஆம் ஆண்டில், மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் வட்டாரப் பல்கலைக்கழகம் முதல் தர வர்ஜினியாவை 74-54 என வீழ்த்தியது. கடைசித் தர எண் கொடுத்தவர்களும் அக்குழுவுக்குக் கதவை அடைத்துவிடவில்லை. உள்ளே விட்டதனாலன்றோ அவ்வெற்றி பிறந்தது!

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை ஒரு குழுவில் சேர்க்கப்படாது கண்கலங்கி வீடு திரும்பும் நாள் வரக்கூடும். எல்லோருக்கும் இடம் கொடுக்க எந்தக் குழுவாலும் இயலாது. ஆனால் விதி முன்னரே அறிவிக்கப்பட்டதா, எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததா, காரணம் சொல்லப்பட்டதா என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு. அதனைப் பணிவுடன் கேட்கக் கற்றுக்கொடுப்போம். நாளை தேர்வாளராக அமரும்போது அதே நேர்மையுடன் விடை சொல்லவும் பழக்குவோம்.

பயிற்சி

1. 68 குழுக்கள் கலந்துகொண்டால் மொத்தம் எத்தனை ஆட்டங்கள்?
2. பதினாறு குழுக்களுக்கு இணை அமைத்தால் தர எண்களின் கூட்டுத்தொகை என்ன?
3. எட்டாவது இடத்தை நீங்கள் யாருக்கு அளிப்பீர்கள்? காரணத்தை ஐந்து வாக்கியங்களில் எழுதுக.