தனி அகப்பை, ஒரே பந்தி

நுழையும்முன்

பசித்த குழந்தைக்கு உணவிடுதல் அறம். அவ்வுணவு எக்குழந்தையின் உயிருக்கும் ஊறு செய்யாதவாறு காத்தல் அவ்வறத்தின் அடுத்த படி.

காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் சத்துணவுத் திட்டமாக விரிவடைந்தது. 1989இல் முட்டை இடம்பெற்றது. முட்டை உண்ணாதவர்க்கு வாழைப்பழம் வழங்கும் வழக்கமும் பின்னர் ஏற்பட்டது. எல்லார்க்கும் உணவு என்பதற்கு, எல்லார்க்கும் ஒரே உணவு என்பது பொருளன்று என்பதை இவ்வழக்கம் உணர்த்துகிறது. ஒவ்வாமை உடைய மாணவர்க்கும் இந்நெறியே பொருந்தும்.

தீங்கற்ற உணவுப் புரதத்தை உடலின் நோய் எதிர்ப்பாற்றல் பகையெனக் கருதித் தாக்குவதே உணவு ஒவ்வாமை. பால், முட்டை, கோதுமை, சோயா, நிலக்கடலை, முந்திரி, மீன், இறால் முதலியன இதனைத் தூண்டக்கூடியவை. இவற்றுள் சில கடலூர் மாவட்டத்தின் வளங்கள். பண்ருட்டி முந்திரிக்குப் பெயர்பெற்றது. நிலக்கடலையை இவ்வட்டார மக்கள் மல்லாட்டை என்பர். பரங்கிப்பேட்டை மீனும் இறாலும் வந்திறங்கும் கடற்கரை ஊர். பலர்க்கு நலம் தரும் இவ்வுணவுகள், கடும் ஒவ்வாமை உடையவர்க்குச் சிறிதளவிலும் உயிரிடர் விளைவிக்கக்கூடும். எனவே, அம்மாணவர் உணவை மறுப்பதை அடமென எண்ணுதல் தவறு.

சேர்க்கையின்போதே பெற்றோரிடம் ஒவ்வாத உணவுகளைக் கேட்டறிந்து, வட்டார வழக்குப் பெயருடன் பதிவுசெய்தல் வேண்டும். அப்பட்டியல் வகுப்பாசிரியர், சத்துணவு அமைப்பாளர், சமையலர் ஆகியோரிடம் இருத்தல் வேண்டும். ஒரு குழம்பில் இட்ட அகப்பையை மற்றொன்றில் இடுதலும் தீங்காகலாம். ஆதலால் அம்மாணவர்க்குரிய உணவைத் தனிப் பாத்திரத்தில் முதலில் எடுத்துவைத்தல் நன்று. ஆனால், பாதுகாப்பின் பெயரால் அவரை மூலையில் அமர்த்துதல் கூடாது. சாதி வேறுபாடின்றி ஒரே பந்தியில் பிள்ளைகளை அமரச்செய்தது பள்ளி உணவு. அவர்க்குத் தனி அகப்பை வேண்டும். தனிப் பந்தி வேண்டா.

உதடு வீங்குதல், மூச்சுத்திணறல், தொடர் வாந்தி, மயக்கம் ஆகியன கடும் ஒவ்வாமையின் அறிகுறிகள். இந்நிலையில் அட்ரினலின் ஊசியே முதன்மை மருந்து. உடனே 108ஐ அழைத்தல் வேண்டும். மாணவரை நடக்கவிடாது படுக்கவைத்தல் வேண்டும், மூச்சுத்திணறினால் அமரச்செய்யலாம். கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனையும், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. எனினும், முதல் சில நிமிடங்கள் பள்ளியின் கையில்தான் உள்ளன.

தின்பண்டத்தைப் பகிர்தல் நட்பின் இயல்பு. பகிருமுன் 'இது உனக்கு ஒத்துக்கொள்ளுமா?' எனக் கேட்பது அந்நட்பின் பொறுப்பு.

சிந்தனை வினா

உம் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் ஒவ்வாமை உடைய மாணவர்க்குச் செய்யத்தக்க மூன்று மாற்றங்களை எழுதுக.