ஆண்டிபட்டியில் அறை தேடுகிறீர்களா?

க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் படிப்பவர்கள் வெளியே தங்குவதென்றால் ஆண்டிபட்டியிலும் வீடு பார்க்கலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை:

● பஸ்: மதுரை–தேனி சாலைக்கு நடந்துபோகும் தூரத்தில் பாருங்கள். காலை முதல் பஸ், இரவு கடைசி பஸ் நேரத்தை விசாரியுங்கள்.

● தண்ணீர்: குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, போர் தண்ணீர் உப்பா, கோடையில் என்ன ஏற்பாடு என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள்.

● கரண்ட்: வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். அந்தச் சலுகை உங்களுக்குக் கிடைக்குமா, யூனிட்டுக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசுங்கள். குடிபுகும் நாளில் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள்.

● அட்வான்ஸ்: தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். பணத்தை வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

● பெண்கள் விடுதி: தனியார் மகளிர் விடுதிகளுக்கு 2014 சட்டப்படி உரிமம் கட்டாயம். அதைக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே சேருங்கள்.