வீடு திரும்பும் பணி

நுழையும்முன்

பொருளீட்டுவதற்காக வீட்டைப் பிரிவது மனித வாழ்வில் தொன்றுதொட்டு நிகழ்ந்து வருவது. வீட்டாரோடு இருக்கும் பொருட்டுப் பொருளீட்டும் முறையையே மாற்றிக்கொள்ள விழைவது இக்காலத்தின் போக்கு. இணையத்தின் வளர்ச்சியால் வீட்டிலிருந்தே பணிபுரியும் வாய்ப்புப் பலருக்குக் கிட்டியிருக்கிறது. பயணத்தில் கரைந்த நேரம் குடும்பத்திற்குக் கிடைக்கும் என்பதே இம்முறையை நாடுவோரின் முதன்மையான எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பு எப்போது நிறைவேறுகிறது, எப்போது பொய்க்கிறது என்பதை ஆராய்கிறது இப்பாடம்.

பொருள்வயிற் பிரிவு

சங்க அகப்பாடல்களில் தலைவன் தலைவியைப் பிரிவதற்குக் கூறப்படும் காரணங்களுள் பொருள் தேடிச் செல்லுதல் குறிப்பிடத்தக்கது. இதனைப் பொருள்வயிற் பிரிவு என்பர். அகநானூற்றின் 400 பாடல்களில் சரிபாதியான 200 பாடல்கள், பிரிவைப் பேசும் பாலைத்திணைக்கு உரியவை. பொருள் இல்லையேல் இல்லறம் நடவாது. பொருள் தேடிச் சென்றாலோ இல்லத்தில் இருக்க இயலாது. இந்த முரணுக்கிடையே தவிக்கும் தலைவன் தன் நெஞ்சோடு உரையாடுவதாகப் பல பாடல்கள் அமைந்துள்ளன.

இன்று பணிக்குச் செல்வோர் கொடிய சுரத்தைக் கடப்பதில்லை. நெரிசல் மிக்க சாலைகளைக் கடக்கிறார்கள். குழந்தை விழிக்கும் முன் புறப்பட்டு, அது உறங்கிய பின் வீடு திரும்பும் பெற்றோர் பெருநகரங்களில் பலர். நாள்தோறும் போகவர இரண்டு மணி நேரம் செலவாகிறது எனக் கொள்வோம். மாதத்தில் 22 வேலைநாள்கள் எனில், 44 மணி நேரம் பயணத்திலேயே கழிகிறது. அது எட்டு மணி நேர வேலைநாள்கள் ஐந்தரைக்குச் சமம். ஊதியமும் இல்லாத, உறவும் இல்லாத இந்த நேரத்தை மீட்க முடியுமா என்ற கேள்வியிலிருந்தே வீட்டுப்பணி குறித்த சிந்தனை பிறக்கிறது.

இல்லமே தொழிற்கூடம்

வீட்டிலிருந்து பணிபுரிதல் தமிழகத்திற்குப் புதியதன்று. காஞ்சிபுரத்திலும் பிற நெசவூர்களிலும் தறி வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஒருவர் நூல் சுற்ற, ஒருவர் பாவைச் சீர்செய்ய, ஒருவர் தறிக்குழியில் அமர்ந்து நெய்ய, குடும்பம் முழுவதும் ஒரே தொழிலில் பங்கேற்றது. குயவர், கொல்லர், தச்சர் போன்றோரின் தொழிற்களமும் வீட்டை ஒட்டியே அமைந்திருந்தது. வேலைக்கும் வாழ்க்கைக்கும் இடையே சுவர் இல்லை.

அதனாலேயே அவர்கள் ஓய்வாக வாழ்ந்தார்கள் எனக் கருதுதல் தவறு. திருநெல்வேலி வட்டாரத்தில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றும் பெண்களின் வாழ்க்கை இதனைத் தெளிவுபடுத்தும். சுற்றிக் கொடுக்கும் எண்ணிக்கைக்கு ஏற்பவே அவர்களுக்குக் கூலி. சமையலுக்கு நடுவிலும் குழந்தையை உறங்கவைத்த பின்னும் கைகள் ஓய்வதில்லை. அவர்கள் நாளெல்லாம் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆயினும் வீட்டாரோடு அமர்ந்து பேச நேரம் இல்லை. 1966ஆம் ஆண்டின் பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளராக ஏற்றது. 1996இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளருக்கென்றே தனி உடன்படிக்கை ஒன்றை வகுத்தது. வீட்டில் நடைபெறும் உழைப்பு பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் போகும் என்பதே இப்பாதுகாப்புகளின் தேவைக்குக் காரணம்.

சுவர் எழுந்த காலம்

தொழிற்புரட்சி பணியை வீட்டிலிருந்து பிரித்தது. நீராவி எந்திரத்தை ஒவ்வொரு வீட்டிலும் நிறுவ இயலாது. எனவே, எந்திரம் இருக்கும் இடத்திற்கு மனிதர் செல்ல நேர்ந்தது. சங்கொலி கேட்டு நுழைவதும் சங்கொலி கேட்டு வெளியேறுவதும் வழக்கமாயின. இந்தப் பிரிவால் குடும்பம் இழந்தது மிகுதி. எனினும், ஒரு நன்மையும் விளைந்தது. பணிநேரத்திற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு என்பது நிலைபெற்றது. தொழிலாளர் நெடுங்காலம் போராடிப் பெற்ற அந்த எல்லையை, இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்திற்கு 48 மணி நேரம் என வரையறுத்தது. ஆலையின் வாயிலைக் கடந்தபின் எஞ்சிய பொழுது தொழிலாளிக்கு உரியதாயிற்று.

உணவு மேசையில் ஒரு நிறுவனம்

எந்திரத்தின் இடத்தைக் கணினி பிடித்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1962ஆம் ஆண்டு ஸ்டெபனி ஷெர்லி என்னும் பெண்மணி, ஆறு பவுண்டு முதலீட்டில் தம் வீட்டு உணவு மேசையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். திருமணத்தாலும் மகப்பேற்றாலும் பணியைத் துறந்த, கணினிப் பயிற்சி பெற்ற பெண்களே அவருடைய பணியாளர்கள். அவர்கள் தத்தம் வீட்டிலிருந்தே நிரல்களை எழுதினர். முதல் 300 பணியாளருள் 297 பேர் பெண்கள். ஒலியை விஞ்சிய வேகத்தில் பறந்த கான்கார்டு வானூர்தியின் பறத்தல் பதிவுக் கருவிக்கான நிரலாக்கத்தில் அந்நிறுவனம் பங்காற்றியது.

ஆணின் பெயர்போல் தோன்றினால்தான் தம் கடிதங்களுக்கு மதிப்புக் கிடைக்கும் என்பதால், ஷெர்லி ‘ஸ்டீவ்’ எனக் கையொப்பமிட்டார். தொலைபேசியில் பேசும்போது வீட்டு ஒலிகள் மறுமுனைக்குக் கேட்டுவிடாதிருக்கத் தட்டச்சு ஒலியைப் பதிவுசெய்து பின்னணியில் ஓடவிட்டார். குழந்தை இருக்கும் வீட்டில் நல்ல பணி நடவாது என்று உலகம் எண்ணிய காலம் அது. அந்த எண்ணம் பிழையென அப்பெண்களின் உழைப்பு காட்டியது.

1973ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியாளர் ஜாக் நைல்ஸ், பணியாளர் பணியைத் தேடிச் செல்வதற்கு மாறாகப் பணியைப் பணியாளரிடம் கொண்டுசெல்லலாம் என்னும் கருத்தை முன்வைத்து, அதற்கெனப் புதிய சொல்லையும் ஆக்கினார். தமிழில் அதனைத் தொலைப்பணி எனலாம். நகரச் சாலைகளின் நெரிசலும் எரிபொருள் செலவும் அவர் கருத்தில் இருந்தன. ஆனால், அதற்குத் தக்க தொலைத்தொடர்பு வசதி வீடுகளை எட்டுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

தெரிந்து தெளிவோம்

தொலைப்பணி – அலுவலகத்திற்குச் செல்லாமல் தொலைத்தொடர்பின் துணையுடன் செய்யும் பணி.
கலப்புமுறைப் பணி – வாரத்தில் சில நாள்கள் அலுவலகத்திலும் சில நாள்கள் வீட்டிலும் பணிபுரியும் முறை.
இணைப்பு துண்டிக்கும் உரிமை – பணிநேரத்திற்குப் பின் அலுவலக அழைப்புகளுக்கும் மின்னஞ்சல்களுக்கும் விடையளிக்காதிருக்கும் உரிமை.

மிஞ்சிய நேரம் யாருக்கு?

2020 மார்ச்சு 25 அன்று கொரோனா பெருந்தொற்றால் இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அதுவரை தயங்கிய நிறுவனங்களும் பணியாளர்களை வீட்டிலிருந்து பணிபுரியச் செய்தன. சென்னையிலும் பெங்களூருவிலும் வாடகை வீடுகளில் வாழ்ந்த இளைஞர் பலர் மடிக்கணினியோடு சொந்த ஊர் திரும்பினர். பேரக்குழந்தைகளைத் திருவிழா நாள்களில் மட்டுமே கண்ட முதியோர், அவர்களை நாள்தோறும் காணும் வாய்ப்பைப் பெற்றனர்.

சில மாதங்களில் மற்றொரு பக்கமும் வெளிப்பட்டது. படுக்கையறை அலுவலகமாயிற்று. இரவு உணவின்போதும் அழைப்புகள் வந்தன. கதவுக்கு அப்பால் தாயோ தந்தையோ இருப்பதை அறிந்த குழந்தை, கதவைத் தட்டக்கூடாது எனக் கற்றுக்கொண்டது. பிரிவுக்குத் தொலைவு தேவையில்லை. ஒரே கூரையின்கீழும் அது நிகழும் என்பதைப் பல குடும்பங்கள் உணர்ந்தன.

பெருந்தொற்றுக்கு முன்னரே இதனை ஓர் ஆய்வு உணர்த்தியிருந்தது. சீனாவின் ஷாங்காய் நகரிலுள்ள பயண ஏற்பாட்டு நிறுவனம் ஒன்றின் அழைப்பு மையத்தில், பொருளியல் அறிஞர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய குழுவினரும் ஒன்பது மாதங்கள் சோதனை நடத்தினர். விருப்பம் தெரிவித்தவர்களுள் இரட்டைப்படைத் தேதியில் பிறந்தோர் வாரத்தில் நான்கு நாள்கள் வீட்டிலிருந்தும், மற்றையோர் அலுவலகத்திலும் பணிபுரிந்தனர். வீட்டிலிருந்தோரின் பணித்திறன் 13 விழுக்காடு உயர்ந்தது. அவ்வுயர்வின் பெரும்பகுதி, இடைவேளைகளும் விடுப்புகளும் குறைந்து அவர்கள் கூடுதல் நேரம் உழைத்ததால் விளைந்தது. சோதனை முடிந்ததும் விரும்பிய இடத்தைத் தேர்ந்துகொள்ள உரிமை அளித்தபோது, வீட்டில் பணிபுரிந்தோரில் பாதியளவினர் அலுவலகத்திற்கே திரும்பினர். தனிமை அதற்கு முக்கியக் காரணமாக இருந்தது.

வீட்டுக்குள்ளும் நேரம் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அவற்றில் செலவிட்டனர்; ஈடுபடும் ஆண்கள் செலவிட்டதோ 97 நிமிடங்கள். இந்த ஏற்றத்தாழ்வு மாறாத வீட்டில், பயணத்தால் மிஞ்சும் இரண்டு மணி நேரம் பெண்ணுக்கு ஓய்வாகவோ குழந்தையோடு விளையாடும் பொழுதாகவோ அமைவது அரிது. ‘வீட்டில்தானே இருக்கிறாய்’ என்னும் ஒரு சொல்லில் அந்நேரம் அடுக்களைக்குச் சென்றுவிடும்.

எல்லை வகுத்தல்

மிஞ்சும் நேரம் தானாகக் குடும்ப நேரமாக மாறுவதில்லை. அதனைக் குடும்ப நேரமாக்கப் பணிக்கு எல்லை வகுத்தல் வேண்டும். ஆலைத் தொழிலாளருக்கு வாயிற்கதவு அளித்த எல்லையை, வீட்டில் பணிபுரிவோருக்குச் சட்டமும் நிறுவனமும் குடும்பமும் சேர்ந்தே அளிக்க இயலும்.

பிரான்சு நாடு 2017 முதல் இணைப்பு துண்டிக்கும் உரிமையைச் சட்டத்தில் சேர்த்தது. போர்ச்சுகல் 2021இல் பணிநேரத்திற்கு வெளியே பணியாளரைத் தொடர்புகொள்வதை நிறுவனங்கள் தவிர்க்க வேண்டுமெனச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் மகப்பேற்றுப் பயன்கள் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 26 வார விடுப்பு அளித்ததோடு, பணியின் தன்மைக்கேற்ப இருதரப்பு ஒப்புதலுடன் தாய்மார் விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்து பணிபுரியவும் இடமளித்தது.

நிறுவனங்களைப் பொறுத்தவரை, இருக்கையில் இருக்கும் நேரத்தை அளப்பதைவிட முடிக்கும் பணியை மதிப்பிடுதலே பொருத்தமானது. முன்னர்க் குறிப்பிட்ட சீன நிறுவனத்தில் 1,612 பணியாளரிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான மற்றோர் ஆய்வில், வாரத்தில் இரண்டு நாள்கள் வீட்டிலிருந்து பணிபுரிந்தோரிடையே பணியை விட்டு விலகுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தோழமையும் குடும்பமும் ஒருசேரக் கிடைப்பது கலப்புமுறைப் பணியின் சிறப்பு.

குடும்பத்தின் பங்கு இவற்றினும் முக்கியமானது. சிறிய வீடாயினும் பணிக்கென ஒரு மூலையையும் பணி முடியும் வேளையையும் வரையறுக்கலாம். அவ்வேளை வந்ததும் கணினியை மூடிவைத்தல் வேண்டும். வீட்டுவேலைகளை அனைவரும் பகிர்ந்துகொள்ளும் வீட்டில்தான், மிஞ்சும் நேரம் அனைவருக்கும் உரியதாகும்.

எல்லார்க்கும் வாய்க்குமா?

செவிலியர், பேருந்து நடத்துநர், தூய்மைப் பணியாளர், கட்டடத் தொழிலாளர் ஆகியோரின் பணியை வீட்டிலிருந்து செய்ய இயலாது. ஊரடங்கின்போது பிறர் வீட்டில் இருக்க முடிந்ததே இத்தகையோர் பலர் வெளியில் உழைத்ததால்தான். அவர்களுடைய குழந்தைகளும் பெற்றோருக்காகக் காத்திருப்பவர்களே. முன்கூட்டியே அறிவிக்கப்படும் பணிமுறை, பணியிடத்திற்கு அருகில் குடியிருப்பு, குழந்தைகள் காப்பகம், விரைவான பொதுப்போக்குவரத்து ஆகியவை அவர்களுக்குக் குடும்ப நேரத்தை மீட்டுத் தரும். ஆகவே, குடும்ப நேரம் என்பது கணினி வைத்திருப்போரின் தனிச்சலுகையன்று. உழைப்போர் அனைவருக்கும் உரியது.

பணி செய்யும் இடம் காலந்தோறும் மாறி வந்துள்ளது, இனியும் மாறும். எங்கிருந்து பணிபுரிந்தாலும், வேலை முடிந்த பொழுதில் பிள்ளை பேசுவதை முழுமையாகக் கேட்கவும், முதிய பெற்றோரின் அருகில் அமரவும் இயல வேண்டும். ஒரு பணிமுறை நல்லதா என்பதை ஆராய்வோர் இவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் குடும்பத்தினர் ஒவ்வொருவரும் ஒருநாளில் பணி, பயணம், வீட்டுவேலை, ஓய்வு ஆகியவற்றிற்குச் செலவிடும் நேரத்தை அட்டவணைப்படுத்தி, கண்டறிந்தவற்றை வகுப்பில் பகிர்க.
2. வீட்டிலிருந்து தொழில்செய்யும் ஒருவரிடம் நேர்காணல் நிகழ்த்துவதற்கு ஏற்ற பத்து வினாக்களை உருவாக்குக.
3. ‘வீட்டுப்பணி குடும்பத்தை இணைக்கிறது / பிரிக்கிறது’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.