மிதிவண்டியின் தாளமும் பேண்டு இசையும்

மிதிவண்டிக்கும் இசைக்கும் யாது தொடர்பு என நண்பர்கள் நகைக்கக்கூடும். தொடர்பு பழையது. 1892-இல் ஹாரி டாக்ரே இயற்றிய 'டெய்சி பெல்' என்னும் ஆங்கிலப் பாட்டு, இருவர் ஏறும் மிதிவண்டியைப் பற்றியதே. 1983-இல் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவினர் 'டூர் டி ஃபிரான்ஸ்' இசைத்தட்டில் மிதிவண்டியின் ஓசையையும் ஓட்டுபவரின் மூச்சையும் சேர்த்தனர். ஆயினும் நம் கோயில் திருவிழாக்களில் முழங்கும் பேண்டு செட்டுக்கே மிதிவண்டி மிகப் பொருந்தும் என்பேன். அதில் கிளாரினெட் வாசிப்பவன் நான்; இப்போது அதற்கென ஓர் இசை எழுதி வருகிறேன்.

28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.23 மீட்டர். பெடல் பக்கம் 44 பல்லும் ஃப்ரீவீலில் 18 பல்லும் இருப்பின், பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5.45 மீட்டர் நகரும். ஒரு சுற்றுக்கு இரண்டு மிதி. நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் 120 மிதி. அணிவகுப்பு இசையின் வழக்கமான வேகமும் நிமிடத்துக்கு 120 தட்டுத்தான்! வண்டி அப்போது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் ஓடும்.

சிறுவயதில் நாம் யாவரும் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டவர்களே. அதில் ஒரு கால்தான் அழுத்தும், மற்றது நொண்டும். நெடில், குறில், நெடில், குறில். ஆகவே என் முதற்பகுதி திஸ்ர நடையில் நொண்டிச் செல்கிறது. பள்ளத்தில் மிதிக்காமல் விட்டால் ஃப்ரீவீல் 'டிக் டிக்' என்னும். வேகம் ஏற ஏற ஒலிகள் நெருங்கி ஒரே இரைச்சலாகும். சைடு டிரம்மின் உருட்டல் அதுவேயன்றோ! அதை அந்த வாத்தியத்துக்கே கொடுத்துவிட்டேன்.

எழுதுவதில் ஒரு தொல்லை உண்டு. கிளாரினெட்டும் கார்னெட்டும் பொதுவாக 'பி பிளாட்' வாத்தியங்கள். 'சி' என்று எழுதியதை வாசித்தால் 'பி பிளாட்' ஒலிக்கும். எனவே அவற்றுக்கு ஒரு முழுச்சுரம் உயர்த்தியே எழுதவேண்டும். இரவு பதினொரு மணிக்கு இக்கணக்கு வேதியியலைவிடக் கடினம்.

கடைசிப் பகுதி என் தந்தையாருடையது. விடியுமுன் தோவாளைச் சந்தையில் பூ வாங்கி நாகர்கோவிலில் விற்பவர் அவர். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி மேல்காற்று வீசும். போகையில் அது முதுகைத் தள்ளும். கூடைகளோடு திரும்புகையில் நெஞ்சில் மோதும். காற்றின் தடை சார்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். நொடிக்கு 4 மீட்டர் ஓடும் வண்டியை அதே வேகக் காற்று எதிர்த்தால் தடை நான்கு மடங்காகிறது. கேரியரில் அமர்ந்து எண்ணியிருக்கிறேன்: நிமிடத்துக்கு 40 சுற்று, அதாவது 80 மிதி. அதை டிராம்போனுக்கும் பெரிய டிரம்முக்கும் எழுதியுள்ளேன்.

அந்த வண்டியை விற்றுத்தான் இவ்வாண்டு என் தேர்வுக் கட்டணம் கட்டப்பட்டது. இப்போது அவர் பேருந்தில் போகிறார். ஊர்வலத்தில் கூட்டம் நில்லாது என்று கூறி, கடைசிப் பகுதியையும் 120-க்கு உயர்த்தச் சொல்கிறார் எங்கள் பேண்டு மாஸ்டர். நான் 80-ஐ மாற்றவில்லை.