டப்பாவில் ஒட்டும் மஞ்சளும் குப்பியில் ஒட்டும் நச்சும்

ஏற்காடு ஏரியின் ஓரம் பச்சைப் படலம் தெரிந்தால், "அது விஷமா, சார்?" என்று மாணவர்கள் என்னிடம் கேட்பார்கள். நிறத்தை வைத்து விடை சொல்ல முடியாது. ஆய்வகத்தில்தான் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. அதை நான் பரப்புக் கவர்தல் பாடத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

நீலப்பசும் பாசிகளில் சில, மைக்ரோசிஸ்டின் என்னும் கல்லீரல் நச்சை உண்டாக்குகின்றன. கொதிக்க வைத்தாலும் அது அழியாது. 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், இந்நச்சு கலந்த நீரால் டயாலிசிஸ் செய்யப்பட்ட நோயாளிகள் பலர் இறந்தனர். நாள்தோறும் குடிக்கும் நீருக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் தற்காலிக வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் மட்டுமே.

இந்த மூலக்கூறின் ஒரு பகுதி நீரை விரும்பாதது. அதனால் அது பாலிபுரொப்பிலீன் குப்பியின் சுவரிலும் பிப்பெட் முனையிலும் ஒட்டிக்கொள்கிறது. கருவி காட்டும் அளவு குறைகிறது. தீங்கான நீரும் நல்ல நீராகத் தோன்றலாம். எனவே மாதிரியைக் கண்ணாடிக் குப்பியில் எடுக்கிறார்கள். கரைசலில் மெத்தனால் சேர்த்தாலும் ஒட்டுவது குறையும்.

செயல்பாடு: பிளாஸ்டிக் டப்பாவிலும் கண்ணாடி டம்ளரிலும் சாம்பாரை ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து ஒரே விதமாகக் கழுவச் செய்யுங்கள். கறை எதில் நிற்கிறது? மஞ்சள் பிளாஸ்டிக்கின் உள்ளேயும் சிறிது ஊறும். பரப்புக் கவர்தலையும் உறிஞ்சுதலையும் வேறுபடுத்திக் காட்ட இது ஏற்ற இடம்.

ஏரிப் பாசியை மட்டும் வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டாம். "குறைந்த அளவு வந்தால், எந்தக் குப்பியில் எடுத்தீர்கள் என்று கேட்பீர்களா?" என்ற வினாவோடு பாடத்தை முடிக்கலாம்.