சைம்ஸ்: திட்டிவாசலில் தொடங்குங்கள்

சிங்கப்பூரில் சிட்டி ஹால் எம்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கினால் முன்பு கன்னியர் மடமாக இருந்த சைம்ஸ் வளாகம் சில நிமிட நடைதான். உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. ஆலயத்தின் கூர்கோபுரம் கண்ணை இழுக்கும். அதற்கு முன், விக்டோரியா தெருப் பக்க மதிலில் திட்டிவாசல் போலச் சின்னதாக ஒரு கதவு இருக்கிறது; அதைப் பார்த்துவிடுங்கள்.

‘நம்பிக்கை வாசல்’ என்று அதற்குப் பெயர். வளர்க்க வழியில்லாதவர்களும், பெண் பிள்ளை வேண்டாம் என்றவர்களும் பச்சைக் குழந்தைகளை இங்கே விட்டுப் போனார்கள். உள்ளிருந்த கன்னியர் எடுத்து வளர்த்தார்கள்.

கால்டுவெல் மாளிகை: நம்ம பிஷப் கால்டுவெல் அல்ல; இவர் மாஜிஸ்திரேட் அலுவலக எழுத்தர். ஜார்ஜ் கோல்மன் 1840–41இல் கட்டிய இந்த வீடுதான் வளாகத்திலேயே மூத்தது. அரைவட்டமாகத் துருத்தி நிற்கும் மாடியை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பிரெஞ்சுப் பாதிரியார் பெரெல் 1852இல் இதை வாங்கினார். 1854இல் வந்திறங்கிய குழந்தை இயேசு சபைச் சகோதரிகள் இங்கே பள்ளியும் அநாதை இல்லமும் தொடங்கினார்கள்.

சிற்றாலயம்: பள்ளிக்கு 50 வயதானபோது, 1904இல் அர்ச்சிக்கப்பட்டது. வரைந்தவர் சார்லஸ் நேன்; அவரும் குருவானவரே. வண்ணக் கண்ணாடிகள் பெல்ஜியத்தின் புரூஜ் நகரிலிருந்து வந்தவை. தூண்களைச் சும்மா கடந்து போகாதீர்கள். ஆலயத்திலும் தாழ்வாரங்களிலும் சேர்த்து 648 போதிகைகள். எல்லாம் வெப்பமண்டலச் செடிகொடிகளும் பறவைகளும். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. பிள்ளைகளோடு போனால் ஒரே மாதிரி இரண்டைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

எப்போது போகலாம்: பள்ளி 1983இல் தோ பாயோவுக்கு மாறியது, திருப்பலியும் அதோடு நின்றது. 1990இல் தேசிய நினைவுச்சின்னமான வளாகம், 1996 முதல் உணவகங்களோடு இயங்குகிறது. ஆலயம் இப்போது வாடகைக்கு விடும் மண்டபம். கல்யாணம் நடந்தால் உள்ளே விடமாட்டார்கள். வார நாள் காலையில் போனால் கூட்டமிருக்காது.

பூசை பார்க்க: எதிரிலேயே நல்லாயன் பேராலயம், 1847இல் பெரெல் எழுப்பியது. தமிழ்ப் பூசை வேண்டுமானால், தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888இல் எழுந்த ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்துக்குப் போங்கள். நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.